வெட்சி: போர் அறிவிப்பா, களவா?

நெகிரி செம்பிலான் மாநிலத்துப் பெடாஸ் வட்டாரத் தோட்டங்களில் பால்மரத்தையும் செம்பனையும் கண்டு வளர்ந்த மாணவனுக்கும் வெட்சி புதிய மலரன்று. வீட்டு முற்றத்திலும் வேலியோரத்திலும் செந்நிறக் கொத்தாகப் பூக்கும் அதனைத் தமிழகத்தில் இட்லிப்பூ என்றும் வழங்குவர். செச்சை என்பது அதன் மற்றொரு பெயர். அப்பூவின் பெயரே போரின் தொடக்கத்தைக் குறிக்கும் சொல்லாயிற்று என்று ஆசிரியர் கூறும்போது மாணவன் வியப்படைவான். அடுத்து, 'மாட்டைத் திருடுவது எப்படிப் போராகும்?' என்று வினவுவான். 'ஆநிரை கவர்தல் பண்டைத் தமிழர் போரை அறிவித்த முறை' என்பதே அவ்வினாவுக்குப் பாடக் குறிப்புகள் பலவும் தரும் விடை. அவ்விடை முழுதும் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

தொல்காப்பியர் புறத்திணை ஏழனுள் வெட்சியை முதலில் வைத்து, அதனைக் குறிஞ்சிக்குப் புறனாகக் கூறினார். குறிஞ்சி மலைநிலத்து ஒழுக்கம். அங்குத் தலைவன் தலைவியை இரவில் பிறர் அறியாமல் கூடுகிறான். வெட்சி வீரனும் இரவில் பிறர் அறியாமல் மாற்றார் நிலத்துட் புகுகிறான். இரண்டுக்கும் பொதுவானது களவு. குறிஞ்சிக்குரிய முருகனுக்கு உகந்த மலர் வெட்சி என்பதும் நினைக்கத்தக்கது. வெட்சிக்கு இலக்கணம் வகுக்குமிடத்துத் தொல்காப்பியர் களவு என்னும் சொல்லையே ஆளுகின்றார். அறிவித்துச் செய்வது களவாகாது. களவாகச் செய்வது அறிவிப்பாகாது. பாடக் குறிப்பின் விடைக்கு முதல் தடை இதுவே.

இத்தடையை உரையாசிரியர்கள் அறியாதவரல்லர். நச்சினார்க்கினியர் இதற்கு அறவழியில் ஓர் அமைதி கூறினார். போர் கருதிய வேந்தர், தீங்கு செய்யத்தகாதாரை அந்நிலத்தினின்று அகலுமாறு சொல்லுவர். சொன்னால் உணரும் அறிவு ஆவுக்கு இல்லை. ஆதலின் அதனைத் தாமே களவிற் கொணர்ந்து காத்தல் அறமேயாம் என்பது அவர் கருத்து. இக்கருத்துக்குச் சார்பாக இரண்டு காட்டலாம். ஒன்று, கவர்தலோடு நில்லாமல் 'ஓம்பல்' என்றும் தொல்காப்பியர் கூறியது. மற்றொன்று, பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய ஒன்பதாம் புறப்பாட்டு. ஆவும் அந்தணரும் பெண்டிரும் பிணியாளரும் மகப்பேறு இல்லாதாரும் அரண் சேருமாறு முன்கூட்டியே அறைந்து, பின் அம்பு விடும் அறநெறி அதில் போற்றப்படுகிறது.

இவ்விளக்கம் உயர்ந்த உள்ளத்தின் வெளிப்பாடு, ஐயமில்லை. ஆயினும் வெட்சியின் பதினான்கு துறைகளை வரிசையாக நோக்கின் அது நிலைபெறவில்லை. படை புறப்படுகிறது, நற்சொல்லாகிய விரிச்சி கேட்கிறது, ஒற்றர் வேவு பார்க்கின்றனர், ஊர் வளைக்கப்படுகிறது, அடுத்து வருவது ஊர்கொலை. அதன் பின்னரே ஆகோள். ஊராரைக் கொன்றபின் அவர்தம் ஆவைக் காத்தல் எவ்வகை அறம்? கொணர்ந்த ஆநிரையோ உரியவர்க்கு மீள்வதில்லை. பாதீடு என்னும் துறையில் அது வீரர்க்குப் பங்கிடப்படுகிறது. உண்டாட்டில் கள்ளும் களிப்பும் நிகழ்கின்றன. கொடையில் வேண்டினார்க்கு வழங்கப்படுகிறது. காவலுக்குக் கொண்ட பொருளை எவரும் பங்கிட்டுக் கொள்ளார். எனவே ஓம்பல் என்பது கிடைத்த செல்வத்தைச் சேதமின்றிப் பேணுதல் என்று கொள்வதே துறைகளின் வரிசைக்கு இயைகிறது. நெட்டிமையார் பாட்டிலோ எச்சரிக்கை உண்டு. ஆநிரை கவர்தல் இல்லை. எச்சரித்தல் வேறு, கவர்தல் வேறு என்பதற்கே அப்பாட்டு சான்றாகிறது.

பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலையும் இம்முடிவுக்குத் துணை நிற்கிறது. ஐயனாரிதனார் வெட்சியை மன்னுறு தொழில், தன்னுறு தொழில் என இரண்டாகப் பகுத்தார். மன்னன் ஏவச் செல்வது முன்னது. ஏவலின்றித் தாமே செல்வது பின்னது. மன்னன் ஏவாத கவர்தல் எந்த மன்னனின் போர் அறிவிப்பாகும்? 2006ஆம் ஆண்டில் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கண்டெடுக்கப்பட்ட தமிழி எழுத்து நடுகல் இதனை மேலும் தெளிவிக்கிறது. தொல்காப்பியர் துறைப்பெயராக ஆண்ட ஆகோள் என்னும் சொல்லே அக்கல்லிலும் உள்ளது. கூடலூர் ஆகோளில் இறந்த ஒருவனை அது நினைவுகூர்கிறது. வேந்தன் பெயர் அதில் இல்லை. செங்கம் வட்டாரத்துப் பிற்கால நடுகற்களிலும் 'தொறு' எனப்படும் ஆநிரையை மீட்டு வீழ்ந்தோர் பலர் இடம்பெறுகின்றனர்.

ஆநிரையே செல்வமாக இருந்த சமுதாயங்களில் இது இயல்பு. வடமொழி வேதத்தில் போரைக் குறிக்கும் கவிஷ்டி என்னும் சொல்லின் நேர்ப்பொருள் ஆவை விழைதல் என்பதாம். பாரதத்தில் விராடனது ஆநிரையைக் கவர்ந்தே கௌரவர் போருக்கு வழிகோலினர். அயர்லாந்தின் பழங்கதையொன்றும் ஒரு காளையைக் கவர எழுந்த போரைப் பற்றியதே. தமிழின் தனிச்சிறப்பு, அச்செயலுக்கு ஒரு பூவின் பெயரைச் சூட்டி இலக்கணமாக்கியதில் உள்ளது. அதனினும் பெரிய சிறப்பு ஒன்று உண்டு. கவர்ந்தவனை மட்டும் பாடாமல், மீட்கச் சென்று மாண்டவனையும், அவனுக்குக் கல் கண்டு, நீராட்டி, நட்டு, வாழ்த்துவதையும் தொல்காப்பியர் வெட்சியுள்ளேயே அடக்கினார். பிற்காலத்தார் மீட்டலைக் கரந்தை எனத் தனித்திணையாக்கியபோது வகைப்பாடு தெளிவுற்றது. ஆயின் கவர்தலையும் அதன் விலையையும் ஒருங்கே காட்டிய பழைய பார்வை மங்கிற்று.

போரை முன்கூட்டி அறிவித்தல் வேண்டும் என்று 1907ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை விதித்தது. ஆயினும் 1941 டிசம்பர் 8ஆம் நாள் நள்ளிரவு கடந்த வேளையில் ஜப்பானியப் படை முன்னறிவிப்பின்றிக் கோத்தா பாருவில் இறங்கிற்று. அடுத்த மாதமே நெகிரி செம்பிலான் அதன் கைப்பட்டது. பின்னர் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். மீளாதோர் மிகப் பலர். ஆவுக்கு மாறாக அங்கு ஆளே கவரப்பட்டனர். அவர்களுள் மிகப் பலருக்குப் பெயர் பொறித்த கல்லும் இல்லை.

ஆதலின் வெட்சியைப் போர் அறிவிப்பு என்று கற்பித்து அமைவது, களவுக்கு அறப்போர்வை போர்த்துவதாகும். கவரப்பட்டவர் அறிந்த முதற்செய்தி, தொழுவம் வெறுமையாய்க் கிடந்ததே. வெட்சி போரின் முதற்செயல் என்று கூறி, கரந்தையையும் நடுகல்லையும் அதனுடன் சேர்த்துக் கற்பித்தலே தொல்காப்பியர் நெறி. மாணவன் கேட்ட வினாவுக்கு நேர்மையான விடையும் அதுவே.