கஹாலின் கோடுகள்

நுணுக்கமாக வரைந்த படம் ஒன்றைப் பார்த்ததும் நாம் முதலில் வியப்பது உழைப்பைத்தான். எத்தனை நாள் உட்கார்ந்திருப்பார், கண் எரிந்திருக்காதா என்று கேட்கிறோம். அந்த நுணுக்கம் எதை நிலைநாட்ட வந்தது என்ற கேள்வி அந்த வியப்பிலேயே அமுங்கிப்போகிறது. ஸ்பெயின் நாட்டு மருத்துவர் சாந்தியாகோ ரமோன் இ கஹால் (1852–1934) வரைந்த மூளைச் செல்களின் படங்களுக்கும் இதுவே நேர்ந்திருக்கிறது. எஞ்சியிருக்கும் சுமார் 2,900 படங்களில் சில இன்று கலைக்கூடங்களில் சட்டமிட்டுத் தொங்குகின்றன. பார்க்க வருகிறவர்கள் மரக்கிளைகளையும் வேர்களையும் கண்டு மகிழ்ந்து போகிறார்கள். அவை அழகானவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவற்றின் மதிப்பு அழகிலும் இல்லை, உழைப்பிலும் இல்லை. ஒவ்வொரு கோடும், “இது இப்படித்தான் இருக்கிறது, வேண்டுமானால் நீங்களும் பாருங்கள்” என்று பிறர் சோதிக்கக் கூடிய ஒரு கூற்றாக நிற்கிறது. அந்தக் கூற்று எங்கே தாங்குகிறது, எங்கே சறுக்குகிறது என்று பார்ப்பதுதான் அவருக்கு நாம் செய்யும் உண்மையான மரியாதை.

கஹாலுக்கு வரைவது பிழைப்புக்காகக் கற்ற திறமை அல்ல. ஓவியராக வேண்டும் என்பது அவருடைய இளமைக் கனவு. அறுவை மருத்துவரான தந்தை ஹுஸ்தோ அதை உதவாத வேலை என்று தடுத்தார். பதினாறு வயது மகனைக் கைவிடப்பட்ட இடுகாட்டுக்கு அழைத்துச் சென்று, அங்கே கிடைத்த எலும்புகளை வைத்து உடற்கூறு சொல்லிக்கொடுத்தவரும் அந்தத் தந்தையே. மகன் அந்த எலும்புகளை வரைந்தான். தடுக்கப்பட்ட ஆசையும் விதிக்கப்பட்ட தொழிலும் ஒரே தாளில் சந்தித்துக்கொண்டன. இந்தப் பின்னணியை உருக்கமான கதையாகச் சொல்லி நிறுத்துவது எளிது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஆசையோடு பார்த்த கண் மற்றவர்கள் தள்ளிவிட்டதைத் தள்ளவில்லை. அதே ஆசை, சான்று போதாத இடத்திலும் கோட்டை முடித்துவிடத் தூண்டியது. அவருடைய வெற்றிக்கும் பிழைக்கும் ஊற்று ஒன்றுதான்.

1873இல் இத்தாலியர் கமில்லோ கோல்ஜி ஒரு சாயமுறையைக் கண்டறிந்திருந்தார். பொட்டாசியம் டைகுரோமேட்டில் ஊறிய மூளைத் துண்டை வெள்ளி நைட்ரேட்டில் இட்டால், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செல்கள் மட்டும் கிளை நுனி வரை கருத்துத் தெரியும். எல்லாச் செல்லும் கருத்தால் ஒன்றுமே புலப்படாது; சில மட்டும் கருப்பதுதான் இதன் வரம். 1887இல் மாட்ரிட்டில் இதைப் பார்த்த கஹால், முறையை மேலும் செம்மைப்படுத்தி, வளர்ந்த மூளையின் அடர்த்தி இன்னும் சேராத கருக்களிலும் குஞ்சுகளிலும் பயன்படுத்தினார். மறு ஆண்டே பார்சலோனாவில் தன் செலவில் ஒரு ஆய்விதழ் தொடங்கி முடிவுகளை வெளியிட்டார். முதல் இதழில் அச்சானவை 60 படிகள்தாம்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். புகைப்படம் வந்துவிட்ட காலத்தில் கையால் ஏன் வரைய வேண்டும்? புகைப்படம் நேர்மையானது, கை விருப்பு வெறுப்பு உள்ளது அல்லவா? கஹால் கேமரா அறியாதவர் அல்லர். வண்ணப் புகைப்படம் பற்றி 1912இல் ஒரு நூலே எழுதியவர். சிக்கல் வேறிடத்தில் இருந்தது. கோல்ஜி முறைக்கு மூளையைத் தடிமனாக வெட்ட வேண்டும். மெல்லியதாக வெட்டினால் கிளைகள் அறுந்துபோகும். நுண்ணோக்கியோ ஒரு நேரத்தில் மெல்லிய ஓர் அடுக்கை மட்டுமே தெளிவாகக் காட்டும். அந்த அடுக்கைப் படம் எடுத்தால் கிளை தொடங்கிய இடம் தெரியும், முடிந்த இடம் மங்கும். திருகைத் திருகித் திருகி ஆழம் ஆழமாகப் பார்த்து, அத்தனை அடுக்குகளையும் ஒரே தளத்தில் இணைப்பது அன்றைக்குக் கையால் மட்டுமே முடிந்த காரியம். புகைப்படம் தந்திருக்கக் கூடியது ஒரு துண்டு உண்மை. முழுச் செல்லைக் காட்ட வரையத்தான் வேண்டியிருந்தது.

கையின் வலிமைக்கு மறுக்க முடியாத சான்று, சிறுமூளையின் புர்கின்ஜி செல்களில் அவர் வரைந்த முட்கள். பறவையின் சிறுமூளையை ஆராய்ந்தபோது, கிளைகளின் மேல் பொடிப்பொடியான நீட்சிகளைக் கண்டு 1888இல் பதிவு செய்தார். கோல்ஜி உட்படப் பலர் அவற்றை வெள்ளி படிந்த கசடு என்று கருதினார்கள்; தங்கள் படங்களில் கிளைகளை வழவழப்பாகவே வரைந்தார்கள். கஹால் விடவில்லை. வெள்ளியே கலக்காத மெத்திலீன் நீலச் சாயத்திலும் அதே முட்கள் தெரிவதை 1896இல் காட்டினார். 1959இல் எலெக்ட்ரான் நுண்ணோக்கி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நரம்புச் செல்களான நியூரான்கள் ஒன்றிடமிருந்து ஒன்று செய்தி பெறும் முக்கியமான இடங்கள் அவை. நுணுக்கத்தை அலங்காரம் என்று நினைப்பவர்கள் இந்த முட்களை நினைத்துப் பார்க்க வேண்டும். அவற்றை விட்டுவிட்டிருந்தால் படம் இன்னும் நேர்த்தியாக இருந்திருக்கும், பொய்யாகவும் இருந்திருக்கும்.

ஆனால் பார்த்ததை மட்டுமே வரைந்தார் என்று சொல்ல முடியாது. சில படங்களை ஒளியியல் கருவியின் உதவியோடு நேராகப் படியெடுத்தார். பலவற்றை, மீண்டும் மீண்டும் பார்த்தபின் நினைவிலிருந்து வரைந்தார். வெவ்வேறு துண்டுகளில் கண்ட செல்கள் ஒரே படத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். தாவர நூல்களில் வரும் செடியும் இப்படிப் பல செடிகளின் தொகுப்புதானே என்று சமாதானம் சொல்லலாம். ஓரளவுக்கு அதை ஏற்கிறேன். இருந்தாலும் ஒரு குறை மிஞ்சுகிறது. விலங்கின் பெயரும் சாயமுறையும் படக்குறிப்பில் கிடைக்கும். எந்தக் கிளை கண்ணால் கண்டது, எது ஊகித்து நீட்டியது என்பதைக் கோடு காட்டாது. இரண்டும் ஒரே மையில், ஒரே உறுதியுடன் ஓடுகின்றன.

இந்தக் குறை எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்குக் கோல்ஜியே சாட்சி. அதே சாயம், அதே நுண்ணோக்கி, அவருக்கும் தேர்ந்த கை. அவர் வரைந்ததோ, நரம்பிழைகள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்த தொடர்வலை. கஹால் வரைந்தவை தனித்தனிச் செல்கள். 1906இல் நோபல் பரிசை இருவரும் பகிர்ந்துகொண்டபோதும், தன் உரையில் கோல்ஜி அந்த வலையையே காத்து நின்றார். ஆக, பொறுமையும் நுணுக்கமும் உண்மைக்குப் பிணையாக முடியாது. கஹாலுடைய கூற்று வென்றதற்குக் காரணம், 1889இல் அவர் பெர்லினுக்குப் படங்களோடு, மூளைத் துண்டுகள் பதித்த கண்ணாடிகளையும் எடுத்துச் சென்றது. எழுபதைக் கடந்த உடற்கூறியல் பேராசிரியர் கோலிகர் நம்பியது தாளைப் பார்த்து அல்ல, நுண்ணோக்கியில் தானே குனிந்து பார்த்து.

கஹாலின் பிழைகளும் கற்றுத்தருபவை. செய்தி ஓடும் திசையைக் காட்ட அவர் படங்களில் சிறு அம்புகளை இட்டார்: கிளையான டென்ட்ரைட்டில் நுழைந்து, செல்லைக் கடந்து, நீண்ட இழையான ஆக்ஸான் வழியே வெளியேறும். பெரும்பாலும் அது சரி, அதுவும் மின்னோட்டத்தை அளக்காமல் வடிவத்தை மட்டும் பார்த்துச் சொன்னது. அந்தத் துணிச்சலுக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் டென்ட்ரைட்டும் டென்ட்ரைட்டும் நேராகப் பேசிக்கொள்வதும், துடிப்பு பின்னோக்கி ஓடுவதும் பின்னாளில் தெரியவந்தன. சில நியூரான்கள் நேரடி மின் இணைப்பில் இருப்பதும் உறுதியாயிற்று. செல் கண்ட பொருள்; அம்பு கருதிய பொருள். இரண்டையும் ஒரே தாளில் ஒன்றாக இட்டதால் ஊகம் கண்டதன் தகுதியைப் பெற்றுவிட்டது. இதைவிட வருத்தமானது, அவர் ஆய்வுக்கூடத்திலேயே பணியாற்றிய பியோ டெல் ரியோ ஓர்த்தேகாவின் கதை. கஹாலின் சாயத்தில் தெரியாத நரம்புத்துணைச் செல் வகைகளை ஓர்த்தேகா புதிய சாயத்தால் காட்டியபோது, கஹால் முழு மனதாக ஏற்கவில்லை. முட்களுக்காக உலகத்தோடு வாதாடியவர், சாயம் காட்டாததைக் கை வரையாது என்பதைத் தன் விஷயத்தில் மறந்தார்.

பிற்கால அறிவை வைத்து முன்னோரை அளப்பது முறையா என்று கேட்கலாம். அவருக்கு ஏன் தெரியவில்லை என்று குற்றம் சொன்னால் அது முறையல்ல. கண்டதையும் கருதியதையும் வேறு வேறு கோட்டால் காட்டியிருக்கலாம் என்பது 1890களிலும் செய்யக் கூடியதே. இன்றும் இக்கேள்வி தீர்ந்துவிடவில்லை. 2024இல் பழ ஈயின் மூளை முழுவதையும், சுமார் 1,40,000 நியூரான்களை, கணினி வழியே வரைபடமாக்கினார்கள். அந்தக் கடலில் எதைப் பார்ப்பது என்று ஒருவர் தேர்ந்தெடுத்தாக வேண்டும். தேர்ந்த உடனே கஹாலின் வலிமையும் பலவீனமும் அவரிடம் வந்து சேரும்.

முட்கள் உள்ள புர்கின்ஜி செல்லை நான் அறிவியல் வரைகலையின் உச்சங்களில் ஒன்றாக வைப்பேன். அம்புகள் உள்ள படங்களை ஒரு படி கீழே வைப்பேன். கலைக்கூடத்தாரிடமும் பாடநூல் எழுதுவோரிடமும் ஒரு வேண்டுகோள்: இப்படங்களை விலங்கின் பெயர், சாயமுறை, ஆண்டு, பின்னர் திருத்தப்பட்ட செய்தி ஆகியவற்றோடு சேர்த்தே வெளியிடுங்கள்.