முதல் கட்டம் எங்கே விழ வேண்டும்?

வேலூர், ஆம்பூர் வட்டாரத்துப் போர்களைக் கணினிப் பலகை விளையாட்டாக்க நினைப்பவர் முதலில் செய்வது, நிலப்படத்தை ஸ்கேன் செய்து அதன்மேல் அறுகோணக் கட்டங்களைப் பரப்புவதுதான். 1961இல் அவலான் ஹில் நிறுவனம் தன் 'கெட்டிஸ்பர்க்' விளையாட்டில் சதுரத்தை விட்டு அறுகோணத்துக்கு மாறியது. அது நல்ல முடிவு. சதுரத்தில் மூலைவாட்டில் நகரும் படை ஒரே கட்டத்தில் 41 விழுக்காடு கூடுதல் தூரம் போய்விடும். அறுகோணத்தில் ஆறு பக்கமும் சமதூரம்.

வேசல் என்ற இலவச மென்பொருளில் உயரம், அகலம், தொடக்கப் புள்ளி ஆகியவற்றைக் கொடுத்தால் கட்டங்கள் தாமே விரியும். உயரம் 100 பிக்சல் என்றால் நிரலுக்கு நிரல் 86.6 பிக்சல் இருக்க வேண்டும். 87 என்று போட்டால் முதல் சில நிரல்களில் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தொலைவு கூடக் கூடப் பிழையும் சேரும். ஓர் எடுத்துக்காட்டு: 1806 ஜூலை 10 அன்று வேலூர்ச் சிப்பாய்களின் எழுச்சியை ஒடுக்க ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையுடன் விரைந்து வந்தார். நேர்கோட்டில் சுமார் 21 கி.மீ.; கட்டத்துக்கு 500 மீட்டர் என்றால் 48 நிரல்கள். ஆற்காட்டில் பொருந்திய கட்டம் வேலூருக்கு வருவதற்குள் 19 பிக்சல், அதாவது 95 மீட்டர், விலகிவிடும். வேலூர்க் கோட்டையின் அகழிக்கும் மதிலுக்கும் அது பெரிய தூரம். தசமப் புள்ளியைச் சேர்த்தால் தீர்ந்துவிடும் இதற்காகச் சிலர் படத்தையே இழுத்து நீட்டுகிறார்கள். தூரத்தைக் கெடுத்தபின் அறுகோணம் எதற்கு?

எண்ணால் தீராத சிக்கல் தொடக்கப் புள்ளி. 1749 ஆகஸ்ட் 3 அன்று ஆம்பூரில் நவாப் அன்வாருதீன் கான் மலைக்கும் ஏரிக்கும் இடைப்பட்ட வழியில் அரண் போட்டு நின்றார். பிரெஞ்சுப் படை இருமுறை தாக்கித் தோற்று, மூன்றாம் முறையே உள்ளே புகுந்தது. நவாப் களத்திலேயே இறந்தார். அப்படிப்பட்ட இடுக்கு ஒரே கட்டத்துக்குள் விழுந்தால் ஒரு படைப்பிரிவே அடைத்து நிற்கும். கட்டங்களைப் பாதி அளவு நகர்த்துங்கள்: வழி இரண்டாகப் பிளந்து, அதே பிரிவின் பக்கத்திலேயே எதிரி நுழைந்துவிடுவான். ஆடுபவர் காயைத் தொடும் முன்பே வெற்றி தோல்வி சாய்ந்துவிடுகிறது. படத்தின் இடது மேல் மூலையில் தொடங்கி, விழுந்தது விழுந்தபடி விட்டுவிடும் வழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. போரின் முடிவைத் தீர்மானித்த இடத்தில் முதல் கட்டத்தை வைத்து, அங்கிருந்து நாலாபுறமும் பரப்புவதே முறை.

ஆறுகளிலும் கவனம் வேண்டும். ஐரோப்பியப் போர்க்களப் பலகைகளில் ஆறு பெரும்பாலும் கட்டத்தின் விளிம்பில் ஓடும். கடக்கக் கூடுதல் நகர்வுப் புள்ளி செலவாகும். கணியம்பாடி ஒன்றியத்து நாகநதிக்கு அது போதும். பாலாற்றுக்குப் போதாது. பல இடங்களில் அரை கிலோமீட்டருக்கு மேல் அகலமாகக் கிடக்கும் மணற்படுகை அது. ஆண்டின் பெரும்பகுதி வறண்டே இருக்கும். அங்கே தடுப்பது தண்ணீரல்ல, மணலும் மறைவில்லாத வெட்டவெளியும். பீரங்கி வண்டியின் சக்கரம் புதையும். ஆகவே பாலாற்றை முழுக் கட்டங்களாகவே வரைய வேண்டும்.

படம் செய்து வெளியிடுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தொடக்கப் புள்ளி எது, அதை ஏன் தேர்ந்தீர்கள் என்பதை விதிப்புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.