கல் இல்லாத ஊரின் கல்லறைகள்

சங்ககிரியில் வளர்ந்தவனுக்குக் கல் ஒரு அதிசயமல்ல. கண்ணைத் திறந்தால் மலை, மலைமேல் கோட்டை, காட்டுக்குக் காடு பாறை. எங்கள் பக்கத்தில் உழுகிற காட்டில் வட்டமாக நட்ட கற்களைக் கண்டால் 'பாண்டு குழி' என்று சொல்லி ஏரை ஒதுக்கி ஓட்டுவார்கள். யாருடைய குழி என்று கேட்பவர் இல்லை.

அதே அலட்சியத்தோடுதான் பொன்னம்பலம் ரகுபதி ஆங்கிலத்தில் எழுதிய, யாழ்ப்பாணத்தின் ஆதிக் குடியிருப்புகளைப் பற்றிய நூலை (1987) கையில் எடுத்தேன். முடித்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புப் பாறை நிலம். நம் ஊர்க் கருங்கல் அங்கே கிடையாது. ஆகவே கல்வட்டமும் இல்லை, கற்பலகையால் மூடிய குழியும் இல்லை. ஆனால் கறுப்பும் சிவப்புமான பானை உண்டு, இரும்பு உண்டு, இறந்தவர் பக்கத்தில் பானைகளை வைத்து மண்ணில் கிடத்தும் வழக்கம் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் 1980-81-இல் ஆனைக்கோட்டையில் தோண்டியபோது கண்டது இதைத்தான். காரைநகர்த் தீவின் களபூமியிலும் இத்தகைய புதைவுகளின் தடயம் கிடைத்தது. பெருங்கற்காலம் என்று பெயர் வைத்துவிட்டோம். பெருங்கல்லே இல்லாத இடத்திலும் அந்தப் பண்பாடு இருந்திருக்கிறது. பண்பாடு கல்லில் இல்லை, இறந்தவனை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராததில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றிற்று.

நூலாசிரியரின் முறை எனக்குப் பிடித்தது. ஊர் ஊராகப் போய்ப் பார்த்து எழுதியிருக்கிறார். எந்த இடத்தில் என்ன ஓடு கிடைத்தது என்று பொறுமையாகச் சொல்கிறார். குறையும் அதுதான். ஓடுகளின் பட்டியலில் அந்தப் பானையில் சோறு வடித்தவள் காணாமற் போகிறாள். கதை எழுதுகிறவன் அவளைத் தேடாமல் இருக்க முடியாது. ஆயினும், ஒரு பானை ஓட்டைக் கண்டதும் ஒரு பேரரசையே கட்டி எழுப்பிவிடுகிற நம் காலத்து எழுத்துக்களுக்கு நடுவே இந்த வறட்சி ஒரு நாணயம் என்றே சொல்வேன்.

ஆனைக்கோட்டையில் ஒரு எலும்புக்கூட்டோடு சின்னஞ்சிறு உலோக முத்திரை ஒன்று கிடைத்தது. மேல் வரிசையில் குறியீடுகள்; கீழே மூன்று பிராமி எழுத்துக்கள். 'கோவேத' என்று படித்தார்கள். அது எந்த மொழி என்பதில் அறிஞர்கள் ஒருமனப்படவில்லை. அதற்குள் அந்த மனிதனைத் தங்கள் கட்சியில் சேர்த்துக்கொள்ளப் பலர் வந்துவிட்டார்கள். இது அவனுக்குச் செய்கிற நியாயமல்ல. ஈராயிரம் ஆண்டுகளாகத் தன் பெயரைக் காத்துக்கொண்டு மண்ணுக்குள் கிடந்தவனிடம், முதலில் 'நீ யார்?' என்று கேட்க வேண்டும், 'எங்கள் ஆள்தானே?' என்று கேட்கக் கூடாது. பொம்பரிப்பிலும் தாழிகள் கிடைத்தன, நம் ஆதிச்சநல்லூரிலும் கிடைத்தன. கடல் அவர்களுக்கு வேலியாக இருந்திருக்காது, பாதையாகத்தான் இருந்திருக்கும்.

இவ்வளவு நியாயம் பேசுகிறேனே, என் வீட்டுக் கதை என்ன?

எங்கள் பழைய மாட்டுக் கொட்டகைக்கு வாசற்படியாக ஒரு பலகைக் கல் கிடந்தது. ஓர் ஆள் நீளம். சிறுவயதில் அதன்மேல் உட்கார்ந்து கடலைக்காய் உரித்திருக்கிறேன். "எங்கேயிருந்து வந்தது?" என்று ஒருநாள் அப்பாரைக் கேட்டேன். "மேகாட்டுப் பாண்டு குழியிலிருந்து வண்டியிலே ஏத்தி வந்தோம் சாமி. சும்மாதானே கெடந்துச்சு?" என்றார். பாவம், அவர் திருடவில்லை. அது யாருடைய வீட்டுக் கூரை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

நொய்யல் கரையில் கொடுமணலில் ஊரும் ஈமக்காடும் ஒருங்கே கிடைத்தன. பெரும்பாலான இடங்களில் அந்தப் பாக்கியம் இல்லை. மண் சுவரும் கூரையும் கரைந்துபோக, வாழ்ந்தவர்கள் விட்டுப்போன ஒரே முகவரி அந்தக் குழிதான். அதையும் ஜல்லிக்கும் வாசற்படிக்கும் எடுத்துவிட்டால் அவர்கள் இரண்டாம் முறை சாகிறார்கள்.

கல் இல்லாத ஊர்க்காரர் ஒருவர் ஓட்டுத்துண்டுகளைப் பொறுக்கித் தம் முன்னோரைத் தேடினார். கல்லுக்குக் குறைவில்லாத ஊரில் பிறந்த நான் முன்னோரின் கல்மேல் உட்கார்ந்து கடலைக்காய் தின்றேன். இந்தப் புத்தகத்தைப் பற்றி நான் சொல்லக்கூடிய பெரிய பாராட்டு இதுதான்.