எல்லோருக்கும் அதே ஐந்து கோடி

திண்டிவனம் - திருவண்ணாமலை சாலையில் செஞ்சியைத் தாண்டுகிறவர்களுக்குப் பொங்கல் சமயத்தில் கபடிப் போட்டி ஃபிளெக்ஸ் ஒன்றாவது கண்ணில் படும். முதல் பரிசு தருபவரின் படம் பெரிதாக இருக்கும். விதிமுறைகள் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். ‘ஒரு ஊர், ஒரு அணி’, ‘வெளியூர் ஆட்டக்காரர்களுக்கு அனுமதி இல்லை’ என்பவை கிராமத்துப் போட்டிகளில் வழக்கமாகக் காணும் வரிகள். வேன் பிடித்து நாலு ‘கெஸ்ட்’ பிளேயரை இறக்க வசதியுள்ள ஊரே வருஷா வருஷம் கோப்பையைத் தூக்கினால், மற்ற ஊர்க்காரர்கள் எதற்காக நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டும்? ராத்திரி இரண்டு மணி வரை விழித்திருந்து யார் பார்ப்பார்கள்?

புரோ கபடி லீக்குக்கும் இதே பயம்தான். அதைக் கோடிக்கணக்கில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஓர் அணி ஒரு சீசனுக்குத் தன் வீரர்களுக்காக மொத்தம் 5 கோடி ரூபாய் வரைதான் செலவிடலாம். 2022 ஏலத்தில் இந்த வரம்பு 4.4 கோடியாக இருந்தது. முதலாளி அம்பானியாக இருந்தாலும் சரி, கடன் வாங்கி அணி நடத்துபவராக இருந்தாலும் சரி, ஏல மேசையில் பை ஒரே அளவுதான்.

பலன் கண்கூடு. 2014 முதல் 2025 வரை நடந்த 12 சீசன்களில் எட்டு வெவ்வேறு அணிகள் பட்டம் வென்றிருக்கின்றன. பாட்னா மூன்று முறையும், ஜெய்ப்பூரும் டெல்லியும் இரண்டிரண்டு முறையும், மற்ற ஐந்து அணிகள் தலா ஒரு முறையும் வென்றன. இப்படி ஒரு சம்பள வரம்பு இல்லாத ஜெர்மனி கால்பந்து லீக்கில் 2013 முதல் 2023 வரை தொடர்ந்து 11 ஆண்டுகள் பேயர்ன் மியூனிக்தான் சாம்பியன்.

தமிழ் தலைவாஸ் ரசிகர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு கசக்கும். 2017-ல் லீக்கில் சேர்ந்த அணி இன்றுவரை ஓர் இறுதி ஆட்டத்தைக்கூட எட்டவில்லை. செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க ஜுல்பிகார் கானின் முகலாயப் படைக்கு 1690-லிருந்து எட்டு ஆண்டுகள் ஆயின. தலைவாஸும் எட்டு சீசன் முடித்தாயிற்று. கோட்டை இன்னும் விழவில்லை. எதிரணியிடம் பணம் அதிகம் என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை.

பிறகு எங்கேதான் சறுக்குகிறது? ஒரே ஆளின் மேல் பாதிப் பணத்தைக் கொட்டுவதில் என்று சொல்லத் தோன்றும். 2022 ஏலத்தில் ரெய்டர் பவன் ஷெராவத்துக்குத் தலைவாஸ் கொடுத்தது 2.26 கோடி. மொத்தப் பையில் பாதிக்கு மேல். அக்டோபர் 8 அன்று பெங்களூரு கண்டீரவா அரங்கில் குஜராத்துடன் முதல் ஆட்டம். பாடி வந்த சந்திரன் ரஞ்சித்தைப் பிடிக்கப் போன பவனின் முழங்கால் மடங்கியது. அத்தோடு அவருடைய சீசன் முடிந்தது. குஜராத் சட்டை போட்டிருந்த ரஞ்சித் தமிழ்நாட்டுக்காரர் என்பது தனிக் கதை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் விசேஷம். பயிற்சியாளர் பொறுப்பு உதயகுமாரிடமிருந்து ஆஷன் குமாருக்குப் போனது. முதல் சீசன் ஆடிய நரேந்தர் 243 ரெய்டு புள்ளிகள் குவித்தார். அதுவரை எந்த அறிமுக வீரரும் அவ்வளவு எடுத்ததில்லை. சாகரும் சாஹில் குலியாவும் இரண்டு மூலைகளைக் காத்தார்கள். இரண்டு கோடி ரூபாய் ஆள் இல்லாத அணி அரையிறுதிக்குப் போய், புனேயிடம் 37-39 என்று மயிரிழையில் தோற்றது. தலைவாஸ் வரலாற்றில் அதைவிடச் சிறந்த சீசன் இல்லை.

காரணம் ஆட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. கிரிக்கெட்டில் ஒரு தோனி கடைசி ஓவர் வரை நின்று ஆடலாம். கபடியில் பிடிபட்ட ரெய்டர் வெளியே போய் உட்கார வேண்டும். அவரை உள்ளே கொண்டுவர வேறொருவர் எதிராளியை அவுட் ஆக்கியாக வேண்டும். பாடப் போகிற இரண்டாவது ஆள் வெறுங்கையோடு திரும்பினால், பிடி ஆட்டக்காரர்கள் கோட்டை விட்டால், கோடி ரூபாய் நட்சத்திரம் ஐந்தாறு நிமிடம் பெஞ்சில் உட்கார்ந்து ஆட்டத்தை வேடிக்கை பார்க்கும். ஆக, விலை உயர்ந்த ரெய்டரின் மதிப்பை முடிவு செய்வது மலிவாகக் கிடைத்த மற்ற ஆறு பேர்.

அடுத்த ஆண்டே இது அப்பட்டமாகத் தெரிந்தது. அதே பவனுக்குத் தெலுங்கு டைட்டன்ஸ் 2.605 கோடி கொடுத்தது. 22 ஆட்டங்களில் இரண்டே வெற்றி, பட்டியலில் கடைசி இடம். புனேயும் சிக்கனமாக இருக்கவில்லை. ஈரானின் ஷாட்லூய்க்கு 2.35 கோடி கொடுத்தது. ஆனால் கோப்பையை வென்றது. ஏனென்றால் அஸ்லாம் இனாம்தார், மோஹித் கோயத், ஆகாஷ் ஷிண்டே என்று பொடியன்களாக எடுத்து வளர்த்த ஒரு கூட்டம் அங்கே ஏற்கெனவே தயாராக இருந்தது. அதற்கடுத்த சீசனில் ஷாட்லூயை 2.07 கோடிக்கு எடுத்த ஹரியானாவும் சாம்பியன். தலைவாஸ் அதே ஏலத்தில் சச்சின் தன்வருக்கு 2.15 கோடி கொடுத்துவிட்டு, பிளே-ஆஃப் பக்கம்கூடப் போகவில்லை. ஆக, நட்சத்திரத்துக்கு அள்ளிக் கொடுப்பது பாவமில்லை. மிச்சப் பணத்தில் யார் வந்து நிற்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வரம்பு என்று வைத்தால் அதில் ஓட்டை தேடுவதும் நடக்கும். ஐபிஎல் ஆரம்ப காலத்தில் அந்த ஓட்டையை விதியே போட்டுக் கொடுத்தது. 2010-ல் பொல்லார்டுக்கு நான்கு அணிகள் உச்சவரம்பான 7.5 லட்சம் டாலர் வரை ஏறி நின்றன. உடனே ரகசிய ஏலம். மும்பை எழுதிய தொகை வெளியே சொல்லப்படவில்லை. 2012-ல் ஜடேஜாவுக்காகச் சென்னையும் டெக்கானும் 20 லட்சம் டாலரில் முட்டிக்கொண்டபோதும் அதேதான். கூடுதல் தொகை வீரருக்குப் போகாமல் வாரியத்துக்குப் போனது. வரம்புக்கு வெளியே பணம் பேசிய அந்த இரண்டு ஏலங்களிலும் வென்றவை மும்பையும் சென்னையும். முதல் 18 சீசன்களில் ஆளுக்கு ஐந்து பட்டம் வைத்திருக்கும் அணிகளும் அவைதான்.

கபடியில் பார்க்க வேண்டிய இடம் வேறு. வரம்பு வீரர் சம்பளத்துக்குத்தான். பயிற்சிக்கூடம் நடத்துவதையோ, மாவட்டப் போட்டிகளுக்கு ஆள் அனுப்பிப் பையன்களைத் தேடுவதையோ யாரும் தடுக்கவில்லை. புனே ‘யுவ பல்தான்’ என்று தனியே இளைஞர் அணி வைத்திருக்கிறது. தலைவாஸ் 2025-ல் ஜெய்ப்பூரின் வெற்றிக் கூட்டணியை அப்படியே விலைக்கு வாங்கிப் பார்த்தது: பயிற்சியாளர் சஞ்சீவ் பலியான், 1.405 கோடிக்கு அர்ஜுன் தேஷ்வால். கூடவே 59.5 லட்சத்துக்கு இறங்கியிருந்த பவனும் திரும்பி வந்தார். பவன் சீசன் நடுவிலேயே விலக்கப்பட, அணி முதல் எட்டு இடங்களுக்குள் வரவில்லை.

தமிழ்நாட்டில் சரக்கு இல்லை என்றும் சொல்ல முடியாது. 2016-ல் பாட்னாவுக்குக் கேப்டனாக இருந்து கோப்பை வாங்கியவர் தஞ்சாவூர் பக்கத்து தர்மராஜ் சேரலாதன். அடுத்த ஏலத்தன்று எல்லோரும் தலைவாஸ் யாருக்குக் கோடி கூவுகிறது என்றுதான் பார்ப்பார்கள். அதற்கு முன்பே வெளியாகும் தக்கவைப்புப் பட்டியலில், இளம் வீரர்கள் பிரிவில், தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து எத்தனை பெயர் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் அந்த சீசன் எப்படிப் போகும் என்று பாதி தெரிந்துவிடும்.