வெறுக்கத்தக்க மாந்தரும் நாவல் வாசகரும்

புத்தளம் மாவட்டக் கடற்கரையில் உடப்பு என்னும் ஊர் திரௌபதை அம்மன் கோயிலாற் பெயர்பெற்றது. ஆடித் திங்களில் அங்கு நிகழும் தீமிதிப்பைக் காண அயலூர் மக்கள் திரளுவர். பாரதக் கதை இக்கரையோர மக்களுக்கு ஏட்டிற் படித்த கதை மட்டுமன்று; நேர்ந்து நோற்கும் விழாவோடு கலந்த கதையுமாகும். அக்கதையைத் தமிழிற் பாடிய வில்லிபுத்தூரார் பத்துப் பருவங்களோடு நூலை நிறுத்தினார். இறுதியாய் நிற்பது சௌப்திக பருவம். உறங்குவோரை நள்ளிரவிற் கொல்லும் கதை. தந்தையை வஞ்சனைக்குப் பறிகொடுத்த அசுவத்தாமன் பகைவர் பாசறையுட் புகுந்து, திரௌபதையின் மைந்தர் ஐவரையும் கொன்றொழிக்கிறான். மரத்தில் உறங்கிய காகங்களை ஒரு கூகை கொன்று குவித்ததைக் கண்டே அவ்வெண்ணம் அவனுக்குப் பிறந்தது என்கிறார் வியாசர். மனமொன்று கொலையை நோக்கிச் சாயும் கணத்தை இதனினும் செவ்வையாகக் காட்டிய இடங்கள் மிகச் சில.

இத்தகைய கதையைக் கேட்டு வளர்ந்த மாணாக்கரே, இருண்ட உளவியல் நாவலொன்றைக் கையிலெடுத்ததும், இதில் விரும்பத்தக்கவர் எவருமிலரே, இதனைப் படிப்பானேன் என்று வினவுவது விந்தைதான். எனினும் அவ்வினா எள்ளத்தக்கதன்று. அதற்கு விடை காண ஏற்றதொரு நூல் உருசிய நாட்டுத் தஸ்தயேவ்ஸ்கி 1866இல் வெளியிட்ட 'குற்றமும் தண்டனையும்'. எம். ஏ. சுசீலாவின் தமிழாக்கம் 2007இல் வெளிவந்தமையால் ஆங்கிலம் அறியாதாரும் இன்று அதனைக் கற்றல் கூடும்.

கதைத்தலைவன் ரஸ்கோல்னிகோவ் படிப்பை இடைநிறுத்திய ஏழை மாணவன்; செருக்கன்; சிடுசிடுப்பவன்; தன்னைப் பேணும் தாயிடத்தும் தமக்கென ஒன்றும் வேண்டாத தங்கையிடத்தும் அன்பை மறைத்துச் சினத்தைக் காட்டுபவன். அவனாற் கொல்லப்படும் அடகுக்காரி அல்யோனா இவானோவ்னாவோ அவனினும் வெறுக்கத்தக்கவள். ரூபிள் ஒன்றுக்குத் திங்களொன்றில் பத்துக் கோபெக் வட்டி. அதனையும் முற்பணமாகவே கழித்துக்கொள்வாள். தந்தையின் வெள்ளிக் கடிகாரத்தை ஈடுவைக்கச் சென்றவனுக்கு, பழைய கடனின் வட்டியும் போக, 1 ரூபிள் 15 கோபெக்கே மிஞ்சுகிறது. கடல் கொந்தளித்துத் தோணிகள் கரையேறிக் கிடக்கும் மாதங்களில் தாலிக்கொடியையும் காப்பையும் எடுத்துக்கொண்டு அடகுக்கடைப் படியேறும் வீட்டார் எக்கரையிலும் உளர். அவர்களுக்கு இக்கிழவியின் முகத்தை விளக்கத் தேவையில்லை.

ஆசிரியரின் சூழ்ச்சி ஈண்டுத்தான் தொடங்குகிறது. கிழவியை வெறுக்கும்படி வாசகனை முதலிற் பழக்குகிறார். பின்னர்ச் சாராயக்கடையொன்றில் மாணவனொருவன் அவளைப்பற்றி வழக்காடுவதைக் கேட்பிக்கிறார்: எவர்க்கும் பயன்படாத, எவரும் விரும்பாத ஒருத்தி இறந்தால் அவள் பொருளால் நூறுபேர் வாழலாமே என்பது அவன் கணக்கு. ரஸ்கோல்னிகோவின் கோடரிக்குக் கூர் தீட்டியது அக்கணக்கே. ஒருவர் விரும்பத்தகாதவர் என்பதே அவரை நீக்கிவிடப் போதிய காரணம் என்னும் எண்ணம் கொலைஞனுடையது. விரும்பத்தக்க மாந்தர் இலர் என்று நூலை மூடிவைக்கும் வாசகன் குருதி சிந்துவதில்லை. ஆயினும் அவன் எடுத்த அளவுகோல் எங்கிருந்து வந்தது என்பதனை அவன் எண்ணிப் பார்த்தல் நன்று.

கொலை நிகழ்ந்தபின் வருவது நூலின் தலைசிறந்த இடம். பிணங்கள் உள்ளே கிடக்கின்றன. கதவின் கொக்கி மட்டும் மாட்டப்பட்டிருக்கிறது. வெளியே வந்தவர் மணியை அடித்துக் கதவை இழுக்கின்றனர். கொக்கி துள்ளுகிறது. உள்ளே நின்று அதனை நோக்குபவனோடு வாசகனும் மூச்சை அடக்குகிறான். இவன் அகப்படாமல் தப்பவேண்டுமே என்று அவன் உள்ளம் பதைக்கிறது. சற்றுமுன் இருவரைக் கொன்றவனுக்காக! துப்பறியும் கதைகள் பல இப்பதைப்பை ஊட்டுவதோடு அமைந்துவிடும். தஸ்தயேவ்ஸ்கி அப்பதைப்பையே வாசகனுக்கு எதிரான சான்றாக்குகிறார்.

அச்சான்றின் பெயர் லிஸவேத்தா. கிழவியின் தங்கையாகிய அவள் சாதுவானவள். அக்காளுக்கு அடிமைபோல் உழைத்தவள். எதிர்பாராது வீடு திரும்பியமையால் மட்டுமே கொல்லப்படுகிறாள். நூறுபேரின் நன்மைக் கணக்கில் அவளுக்கு இடமில்லை. ஆகவே கொலைஞன் அவளை மறந்துவிடுகிறான். ஏன் அவள் நினைவு வருவதேயில்லை என்று தானே ஓரிடத்தில் வியக்கிறான். வாசகனும் பெரும்பாலும் மறந்தே போகிறான். ஆசிரியர் மறக்கவில்லை. சோனியா விவிலியத்திலிருந்து லாசரு உயிர்த்தெழுந்த பகுதியை அவனுக்குப் படித்துக் காட்டுகிறாள். அப்பிரதி லிஸவேத்தா கொணர்ந்து கொடுத்தது. சோனியா தன் கழுத்தில் அணியவிருக்கும் செப்புச் சிலுவையும் லிஸவேத்தாவினுடையதே. கொன்றவனும் கற்பவனும் கைவிட்டவளை அவள் தோழி கழுத்தில் தாங்குகிறாள்.

ஏனையோருள் லூஷின் வெறும் கயவன். சோனியாவைத் திருடியாக்க அவள் பையில் நூறு ரூபிள் தாளை ஒளித்துவைப்பதோடு அவன் கதை தீர்ந்தது. ஸ்விட்ரிகைலோவ் அவ்வாறல்லன். பழிபல சூழ்ந்த அக்காமுகனே தாயற்ற குழந்தைகளுக்குப் பொருளுதவி செய்கிறான். அவனை எந்தத் தட்டில் நிறுத்துவது என்று வாசகன் திகைப்பதே அவனைப் படைத்ததன் பயன். நூலின் முடிவுரையோ குறையுடையதே. சைபீரியச் சிறையில் எட்டாண்டுத் தண்டனை ஏற்றவனின் மனமாற்றம் சில பக்கங்களில் அவசரமாய் நிகழ்ந்துவிடுகிறது. அறுநூறு பக்கம் பொறுத்தவர்க்கு அது போதாது.

வில்லிபாரதத்தில் அசுவத்தாமன் கொணர்ந்த தலைகளைக் கண்டு, இவை இளஞ்சிறார் தலைகளாயிற்றே என்று வருந்துபவன் துரியோதனன். அதுவரை வெறுக்கப்பட்டவன் வாயிலிருந்தே அவ்வருத்தம் பிறக்கிறது. பாகவதமோ மற்றொன்று கூறும். விலங்கென்னப் பிணித்து இழுத்துவரப்பட்ட அசுவத்தாமனைக் கண்ட திரௌபதை, அவனை விட்டுவிடுமாறு வேண்டுகிறாள். தான் மைந்தரை இழந்து அழுவதுபோல அவன் தாயும் அழலாகாது என்கிறாள். உடப்பில் தீமிதிப்போர் வணங்குவது அவளையே. லிஸவேத்தாவின் தோழியாகிய சோனியா, அவளைக் கொன்றவனோடு சைபீரியாவுக்குச் செல்கிறாள். சிறை மதிலுக்கு வெளியே தையல் வேலை செய்துகொண்டு அவனுக்காகக் காத்திருக்கிறாள்.