முதுகில் அளவு, வாயில் பதம்

என் மேசைமேல் இருக்கும் மடக்குச் சவரக்கத்தி, பாகூர்ப் பக்கத்துச் சொல்தா வீடு ஒன்றின் டிரங்குப் பெட்டியிலிருந்து வந்தது. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து சைகோன் வரை போய்வந்தவர்களைப் புதுச்சேரிக் கொம்யூன்களில் சொல்தா என்றுதான் சொல்வார்கள். தாத்தாவின் கத்தியைக் கொண்டுவந்து வைத்த பேரன், “இத மெஷின்ல குடுத்துப் பளபளன்னு பாலிஷ் போட்டுடலாமாண்ணே?” என்று கேட்டார். பதில் சொல்லுமுன் அதைப் பகல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க, செய்தவரின் கைத்திறம் ஒவ்வொன்றாகத் தெரிய வந்தது.

கழுத்தில் தியேர் என்ற ஊர்ப்பெயர் பொறித்திருக்கிறது. பிரான்சின் நடுவே, ஓவர்ஞ் மலைநாட்டில், துரோல் ஆற்றங்கரையில் இருக்கும் கத்திப் பட்டறை ஊர் அது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டும் ஜெர்மனியின் சோலிங்கனும் போலக் கத்தியாலேயே பேர் வாங்கிய ஊர். ஒரு காலத்தில் அங்கே சாணை பிடிப்பவர்கள், ஆற்றுநீர் சுழற்றும் கல்லுக்கு மேலே பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டு அலகைத் தீட்டினார்கள். குளிருக்கு அணைவாகக் கால்மேல் நாயைப் படுக்க வைத்துக்கொள்வார்கள். மலையூரின் பெயரைத் தாங்கிய கத்தி, கடலைக் கடந்து நெல் விளையும் பாகூருக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அலகின் இரண்டு பக்கமும் உள்வாங்கிக் குழிந்திருக்கின்றன. தடித்த முதுகிலிருந்து வளைந்து இறங்கும் எஃகு, வாய்க்கு அருகே காகிதம் அளவுக்கு மெலிகிறது. கட்டைவிரல் நகத்தின்மேல் வைத்து லேசாக அழுத்தினால் வாய் வளைந்து கொடுத்து, விட்டதும் நிமிர்கிறது. சுண்டினால் ‘ணிங்’ என்று தெளிந்த ஓசை. உள்ளே விரிசல் இருந்தால் அந்த ஓசை கம்மிப்போகும். இந்தக் கத்திக்கு அந்தக் குறை இல்லை.

எனக்கு மிகப் பிடித்தது முதுகுதான். மற்றக் கத்திகளைத் தீட்டும்போது கோணத்தைக் கைதான் பார்த்துக்கொள்ள வேண்டும். சவரக்கத்தியை அப்படியே படுக்க வைத்தால் போதும்: முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் உட்காரும். முதுகின் தடிப்பும் அலகின் அகலமும் சேர்ந்து, வாயின் கோணத்தைச் சுமார் 16, 17 டிகிரியில் நிறுத்திவிடுகின்றன. பட்டறையில் வைத்த அளவு கத்தியோடு கூடவே வருகிறது. முதுகைத் தேய்த்தால் அந்த அளவே போய்விடும். இதன் முதுகில் கல் பட்ட தடம் நூலிழை அகலத்தில், இரண்டு பக்கமும் ஒரே சீராக ஓடுகிறது. அதிகம் தேயாத கத்தி. தீட்டியவரும் கை அறிந்தவர்.

பிடி கொம்பால் ஆனது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கருமைக்குள் பனங்கருப்பட்டிப் பாகு போலச் செம்பழுப்பு ரேகைகள் தெரிகின்றன. ஓரிடத்தில் பூச்சி அரித்த குழி. இரண்டு பக்கச் சட்டங்களையும் கோத்திருப்பது மெல்லிய பித்தளை ஆணி. அதன் தலையைச் சுத்தியால் தட்டித் தட்டி உருட்டியிருக்கிறார்கள். பிடியைக் கழற்ற வேண்டுமானால் இந்தத் தலையை அராவி எடுக்க வேண்டும். எடுத்துவிட்டால் அந்தக் கைவேலை போனதுதான். செல்லுலாய்டு பிடியாக இருந்தால் நான் வேறு மாதிரி முடிவெடுத்திருப்பேன். கற்பூரம் கலந்து செய்த அந்தப் பொருள் கெட ஆரம்பித்தால் அமில ஆவி கக்கி, பக்கத்திலிருக்கும் எஃகையே அரித்துவிடும். கொம்பு அப்படிச் செய்யாது. அதனால் பிடி இருந்தபடியே இருக்கட்டும்.

இனித் துரு. அலகின் முகத்தில் செந்துரு படலமாக இருக்கிறது. எண்ணெயும் பொறுமையும் இருந்தால் போய்விடும். முதுகுக்குக் கீழே கரும்புள்ளிகள் குழிந்திருக்கின்றன. அவை வாயை எட்டவில்லை என்பதுதான் முக்கியம். வாயில் குழி இருந்தால் தீட்டத் தீட்ட அது பல்லுப் பல்லாக உடையும். முகத்தில் இருக்கும் குழியால் சவரத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை. அதைப் போக்க மோட்டார் சக்கரத்தில் கொடுத்தால்தான் ஆபத்து. கடினமாக்கிய எஃகை மறுபடி 200 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடுகாட்டிப் பதம் ஏற்றியிருப்பார்கள். மெலிந்த வாய், சக்கரத்தில் பட்ட நொடியில் அந்தச் சூட்டைத் தாண்டிவிடும். நீலம் பாய்ந்துவிட்டால் பதம் இறங்கிவிட்டது. அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. பளபளப்புக்கு அவ்வளவு விலை கொடுக்க வேண்டியதில்லை.

ஆகவே என் முடிவு இது: செந்துருவை எடுக்கலாம், கரும்புள்ளிகள் நிற்கட்டும், வாயை மட்டும் தீட்டலாம். கல்லில் வாய் முன்னே போக வேண்டும். தோல்வாரில் முதுகு முன்னே போக வேண்டும். நம் ஊர் நாவிதரின் அடைப்பத்திலும் மடக்குச் சவரக்கத்திதான் இருந்தது. உள்ளங்கையில் நாலு இழுப்பு இழுத்துவிட்டுத் தாடையில் வைப்பார். இன்றைய சலூனில் ஆளுக்கொரு புது பாதி பிளேடு. ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. எல்லாம் ரத்தத்தின் வழி பரவுபவை என்பதால் அதுவே சரியான வழக்கம். தாத்தாவின் கத்தி பேரனின் ஒரு முகத்துக்கு மட்டும் ஆகட்டும். சவரம் முடிந்ததும் ஈரம் ஒட்ட விடாமல் துடைத்துக் காயவைக்க வேண்டும். உப்புக்காற்று வீசும் ஊர் இது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தையல் மெஷின் எண்ணெயை ஒரு துளி தடவி வைக்காவிட்டால் துரு திரும்ப வரும்.

இரண்டு பக்கமும் இம்மி பிசகாமல் குழித்த அந்தக் கைவேலை இன்னும் கெடாமல் இருக்கிறது. புள்ளி விழுந்த முகத்தோடேயே இன்னொரு தலைமுறைக்கு அது நன்றாக உழைக்கும்.