யூலை இருபதும் நினைவின் எல்லைகளும்

பேர்லின் நகரில், ஒரு காலத்தில் ஜேர்மன் தரைப்படையின் தலைமைப் பணிமனைகள் அமைந்திருந்த பெண்ட்லர்புளொக் கட்டடத்தின் உள்முற்றத்திலே, கைகள் பிணிக்கப்பட்ட ஓர் இளைஞனின் வெண்கலச் சிலை நிற்கின்றது. றிச்சர்ட் ஷைபே என்னும் சிற்பி வடித்த இச்சிலை 1953ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்டது. இளைஞனின் உடலில் ஆடை ஏதுமில்லை. ஆனால், 1944 யூலை 20ஆம் நாள் நள்ளிரவு கடந்ததும் அதே முற்றத்திற் சுட்டுக்கொல்லப்பட்ட ஸ்டௌபன்பேர்க், ஒல்பிறிக்ட், மேர்ட்ஸ், ஹெஃப்டன் ஆகிய நால்வரும் சீருடை தரித்த அதிகாரிகள். சிற்பி களைந்துவிட்ட அச்சீருடையே இந்நிகழ்ச்சியின் மையச் சிக்கல் என்பது என் கருத்து. அதனைக் களைந்து மனிதனை மட்டும் நினைவுகூர்தல் எளிது. அணிந்தவாறே நினைவுகூர்தல்தான் கடினம்.

அன்று நிகழ்ந்தவற்றை மாணவர் பலரும் அறிவர். கிழக்குப் பிரசியாவிலிருந்த ஹிட்லரின் தலைமையகத்திலே ஸ்டௌபன்பேர்க் வைத்த குண்டு நண்பகலுக்குச் சற்றுப் பின்னர் வெடித்தது, நால்வர் மாண்டனர், ஹிட்லர் தப்பினார். உள்நாட்டுக் கலவரங்களை அடக்கவென வகுக்கப்பட்டிருந்த 'வல்கைரி' என்னும் படைத்துறைத் திட்டத்தையே ஆட்சியைக் கைப்பற்றும் கருவியாக மாற்ற அதிகாரிகள் முயன்றனர். தொழிலாளியோ பாதிரியாரோ அத்தகைய கட்டளையைப் பிறப்பித்திருக்க இயலாது. எதிர்ப்பைச் சாத்தியமாக்கியது சீருடையே. அதே சீருடைதான் 1934 ஓகஸ்ட் முதல் ஹிட்லர் என்னும் தனிமனிதன்பாற் செய்யப்பட்ட சத்தியத்தால் அவர்களைக் கட்டியும் வைத்திருந்தது.

போர் முடிந்தபின் இவர்களுக்கு உடனே புகழ் கிட்டிவிடவில்லை. துரோகிகள் என்ற வசை மேற்கு ஜேர்மனியிற் பலகாலம் நிலைத்தது. 1952 மார்ச்சில் பிறவுண்ஷ்வைக் நகரில் நடந்த வழக்கொன்று இவ்வகையில் முதன்மையானது. அன்றைய நாளில் பேர்லின் காவற்படையணிக்குத் தலைமை தாங்கிச் சதியை முறியடித்த ரேமர் என்பவர், போருக்குப் பின் மேடையேறி அவ்வதிகாரிகளை நாட்டுத் துரோகிகள் எனத் தூற்றினார். அவர்மீது வழக்குத் தொடுத்தவர் ஃபிரிட்ஸ் பௌவர். யூதர்; சமூக சனநாயகவாதி; 1933இற் சிறைமுகாமில் அடைபட்டுப் பின்னர் டென்மார்க்கிலும் சுவீடனிலும் அகதியாக வாழ்ந்தவர்; ஸ்டௌபன்பேர்க் படித்த அதே ஸ்ருட்காட் பள்ளியில் முன்னர் பயின்றவர். சட்டத்தின் வழி நில்லாத ஓர் அரசுக்குத் துரோகம் இழைத்தல் இயலாது என்பதே அவர் வாதத்தின் உயிர்நாடி. ரேமருக்கு மூன்றுமாதச் சிறை விதிக்கப்பட்டது; அவரோ அதனை அனுபவியாது வெளிநாடு சென்றுவிட்டார். ஆயினும் வசைச்சொல்லின் வலு அன்று குன்றியது.

மூன்றாண்டுகளின் பின், 1955 யூனில், ஒரே பொருளில் இரு திரைப்படங்கள் சில நாள் இடைவெளியில் வெளிவந்தன. ஒன்று ஜி. டபிள்யூ. பாப்ஸ்ட் நெறிப்படுத்தியது, மற்றையது ஃபால்க் ஹார்னாக் நெறிப்படுத்தியது. அதே ஆண்டு நவம்பரில் மேற்கு ஜேர்மனியின் புதிய இராணுவம் தோற்றம் பெற்றதென்பதை இங்கு மறத்தலாகாது. புதிய படைக்குப் பழைய படையிலிருந்து மாசற்ற முன்னோர் சிலர் தேவைப்பட்டனர். கலை அத்தேவையை அறிந்தோ அறியாமலோ நிறைவுசெய்தது.

பாப்ஸ்ட் ஒரு நாளுக்குள் தம்மை ஒடுக்கிக்கொள்கிறார். விமானம், கைப்பை, தொலைபேசி, தாமதம் என்று கதை விரைகின்றது. பார்ப்போர் மூச்சடக்கி இருப்பர். எனினும் அறப்பிரச்சினை முழுவதும் கடிகாரப் பிரச்சினையாகச் சுருங்கிவிடுகின்றது. ஹார்னாக்கின் படம் கலைநேர்த்தியிற் சற்றுத் தளர்ந்ததே. அதில் வரும் கற்பனைப் பாத்திரங்கள் சில வலிந்து புகுத்தப்பட்டனவாகத் தோன்றுகின்றன. ஆனால் அதிகாரிகளுக்கு வெளியேயிருந்த குடிமக்களின் எதிர்ப்பையும் அரவணைக்க முயன்றமையால் அதனையே நான் மேலாக மதிப்பேன். இவ்விரிவு தற்செயலானதன்று. ஹார்னாக்கின் தமையன் ஆர்விட் 1942 டிசெம்பரிற் கொல்லப்பட்டவர். அவரே 'வெண்ரோசா' மாணவர் குழு தொடர்பான 1943 ஏப்ரல் வழக்கில் நிறுத்தப்பட்டு விடுதலையானவர். அவ்வாண்டின் இறுதியிற் கிரேக்கத்திற் படையை விட்டோடிக் கெரில்லாக்களுடன் சேர்ந்தவர். இச்செய்தியைப் பின்னர் மீண்டும் எடுத்துக்கொள்வேன்.

2008இல் வெளிவந்த பிறயன் சிங்கரின் 'வல்கைரி' பாப்ஸ்டின் வழியையே பெரும் பொருட்செலவில் தொடர்கின்றது. அதில் ஸ்டௌபன்பேர்க்கின் கதை 1943இன் தூனிசியப் பாலைவனத்தில் தொடங்குகின்றது. அங்கு அவர் ஒரு கண்ணையும் வலக்கையையும் இடக்கையின் இரு விரல்களையும் இழக்கிறார். காயத்திலிருந்து தொடங்கும் வாழ்க்கைக்கு முன்கதை தேவைப்படுவதில்லை. ஆனால் 1939இற் போலந்திலிருந்து மனைவிக்கு எழுதிய கடிதத்தில் அந்நாட்டு மக்களையும் யூதரையும் இழித்துரைத்தவரும் அவரே. குண்டு வைத்தபின் அவர் பேர்லின் திரும்ப விமானம் உதவிய வாக்னர், சோவியத் போர்க்கைதிகளின் உணவு வழங்கலுக்குப் பொறுப்பாயிருந்த தளபதி. அக்கைதிகளில் முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1943இல் ஹிட்லரின் விமானத்திற் குண்டு வைத்த ட்ரெஸ்கோவின் கையொப்பம், கிழக்குமுனையிற் சிறுவரைக் கட்டாய வேலைக்கு அள்ளிச் செல்லும் கட்டளையொன்றிலும் காணப்படுகின்றது.

இவற்றைக் கொண்டு, தோல்வி நெருங்கியபோது தம் வர்க்கத்தைக் காக்க முனைந்த பிரபுக்களின் முயற்சியே இது என முடிவுகட்டுவோர் உளர். கிழக்கு ஜேர்மனியில் நெடுங்காலம் அதுவே அரசின் விளக்கமாயிருந்தது. அது முற்றிலும் பொய்யன்று; ஆயின் போதாது. 1942 ஒக்டோபரில் உக்ரெயினின் டுப்னோவில் யூதர் திரளாகச் சுட்டுக்கொல்லப்பட்டதைக் கண்ணாரக் கண்ட புஸ்ஷே என்னும் இளம் அதிகாரி, தம் உடலிற் குண்டைக் கட்டிக்கொண்டு ஹிட்லருடன் சேர்ந்து மடியவும் இசைந்தார். வர்க்க நலன் என்ற சொல் அவரை விளக்காது. குற்றத்திற் பங்கும் அதற்கு எதிரான எழுச்சியும் ஒரே கூட்டத்துள், சிலவேளை ஒரே மனிதனுள், கூடியிருந்தன. நான் குறிப்பிட்ட படைப்புகளுள் எதுவும் இக்கூட்டை நேரில் நோக்கவில்லை. வீரனைக் கறைபடியாதவனாக்கும் ஆசை 1955க்கும் 2008க்கும் பொதுவாகவே இருக்கின்றது.

இதற்கு விலை கொடுத்தோர் வேறு சிலர். அதிகாரிகளுக்குச் சிலையும் வீதிப்பெயரும் ஐம்பதுகளிலேயே வாய்த்தன. நாஸி ஆட்சியின் படைநீதிமன்றங்களோ ஏறத்தாழ 30,000 மரணதண்டனைகள் விதித்தவை. அவற்றுள் ஆயிரக்கணக்கானவை படையை விட்டோடிய சாதாரண சிப்பாய்களுக்குரியவை. கொல்லப்படாது எஞ்சியோரும் கோழைகளெனப் பழிக்கப்பட்டனர். வில்னாவில் யூதரைக் காத்தமைக்காக 1942 ஏப்ரலிற் சுடப்பட்ட அன்ரன் ஷ்மிட் என்ற சார்ஜன்ட்டின் பெயர் ஒரு படைமுகாமுக்கு இடப்பட்டது 2000ஆம் ஆண்டிலேயே. ஓடிப்போனோர் மீதான தீர்ப்புகள் ஒட்டுமொத்தமாக நீக்கப்பட்டது 2002இல். 'போர்த் துரோகம்' எனத் தண்டிக்கப்பட்டோருக்கு 2009 வரை காத்திருக்க நேர்ந்தது. அதிகாரிகளின் படத்தை எடுத்தவரும், தாமே படையை விட்டு ஓடியவருமான ஹார்னாக், 1991இலேயே காலமாகிவிட்டார்.